மழைத்துளியின் பருமனும் மழையின் வகையும்

பூகோளப் பாடம் படித்த எவருக்கும் மழை மூன்று வகைப்படும் என்பது நினைவிருக்கும்: நிலம் சூடேறிக் காற்று மேலெழுவதால் பெய்யும் வெப்பச்சலன மழை, மலை குறுக்கிடுவதால் பெய்யும் மலைத்தடுப்பு மழை, புயலும் தாழ்வு மண்டலமும் கொண்டுவந்து சேர்க்கும் சூறாவளி மழை. காற்று எந்தக் காரணத்தால் மேலெழுந்தது என்ற கேள்விக்கு இந்தப் பாகுபாடு விடை கூறுகிறது. அந்த அளவில் அது சரியானதே. ஆனால் ஆகாயத்தில் திரண்ட ஈரம் எவ்வாறு துளியாயிற்று, எம்முறையில் வளர்ந்தது, எந்தப் பருமனோடு தரையை வந்தடைந்தது என்று வேறொரு கேள்வியும் உண்டு. ராடார் கருவியைக் கொண்டு மழையை அளக்க விஞ்ஞானிகள் முற்பட்ட பிறகு, அக்கேள்வி அறிவு வேட்கையைச் சேர்ந்த விஷயமாக மட்டும் நின்றுவிடாமல், வெள்ள எச்சரிக்கையோடும் ஏரி மதகுகளைத் திறப்பதா மூடுவதா என்ற முடிவோடும் நேரடியாகச் சம்பந்தப்பட்டதாயிற்று.

ராடார் மழையை அளப்பதில்லை என்பதை முதலிலேயே தெளிவுபடுத்திக்கொள்வது நல்லது. அது அனுப்பும் மின்காந்த அலை, வழியிலுள்ள துளிகளில் பட்டு எவ்வளவு சக்தியோடு திரும்பி வருகிறது என்பதையே அது அளக்கிறது. அந்த எதிரொலியின் வலிமை ஒவ்வொரு துளியின் விட்டத்துக்கும் உரிய ஆறாம் அடுக்கைப் பொறுத்தது. துளியில் அடங்கிய நீரின் அளவோ விட்டத்தின் மூன்றாம் அடுக்கைப் பொறுத்தது. 3 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஒரே துளியும் 1 மில்லிமீட்டர் விட்டமுள்ள 27 துளிகளும் ஒரே அளவு நீரைக் கொண்டவை; ஆயினும் ராடாரின் கணக்கில் அந்தப் பெரிய துளி 729 சிறு துளிகளுக்குச் சமமாகிறது. ஆகவே திரும்பி வந்த எதிரொலி வலிமையாக இருப்பதைக் கண்டு மழை மிகுதி என்று முடிவு கட்டிவிட முடியாது. சில பெருந்துளிகள் பெய்தாலும் அவ்வாறு தோன்றும், எண்ணற்ற சிறுதுளிகள் அடர்ந்து பெய்தாலும் அவ்வாறு தோன்றும். இரண்டில் எது நேர்ந்தது என்பதை அறிய வேண்டுமானால், துளியைத் தரையிலே பிடித்து அளப்பதைத் தவிர வேறு வழி ஆதியில் இருக்கவில்லை.

அந்தக் காரியத்தைப் பொறுமையோடு செய்தவர்களுள் முதலில் நினைக்கத்தக்கவர் அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்து ஜெரிக்கோ என்ற ஊரில் வாழ்ந்த வில்சன் பென்ட்லி என்ற விவசாயி. பனிப்படிகங்களைப் புகைப்படம் எடுத்ததற்காகவே உலகம் அவரை அறியும். மழைத்துளியைப் பற்றி அவர் செய்த ஆராய்ச்சி, என் அபிப்பிராயத்தில், அதற்குச் சற்றும் குறைந்ததன்று. ஒரு தட்டில் ஓர் அங்குல ஆழத்துக்கு மெல்லிய மாவைச் சலித்துப் பரப்பி, மழையில் சில விநாடிகள் காட்டிவிட்டு உள்ளே எடுத்து வருவார். விழுந்த ஒவ்வொரு துளியும் தன்னைச் சுற்றியுள்ள மாவைப் பிசைந்துகொண்டு ஒரு சிறு உருண்டையாகும். அது காய்ந்தபின் அதன் விட்டத்தை அளப்பார். பருமன் தெரிந்த துளிகளைத் தாமே மாவில் விழச்செய்து, உருண்டைக்கும் துளிக்கும் உள்ள பொருத்தத்தையும் சோதித்துக்கொண்டார். இவ்வாறு 70 மழைகளிலிருந்து 344 மாதிரிகளைச் சேகரித்து 1904-ல் அவர் வெளியிட்ட கட்டுரையில், துளியின் பருமனைக் கொண்டு அது மேலே பனியாக இருந்து உருகி வந்ததா, அன்றிப் பனியின் சம்பந்தமே இல்லாமல் நீராகவே வளர்ந்ததா என்று ஊகிக்கும் முயற்சியும் இருக்கிறது. இன்று பெருங்கருவிகளை வைத்துக்கொண்டு நாம் கேட்கும் கேள்வி அதுவேதான். அவருக்குப் பின் 1943-ல் லாஸ், பார்சன்ஸ் என்ற இருவர் இதே மாவு முறையைப் பின்பற்றி, மழையின் வேகம் கூடக் கூடத் துளிகளின் சராசரிப் பருமனும் கூடுகிறது என்பதை விரிவாக நிலைநாட்டினர்.

ராடார் இரண்டாம் உலக யுத்தகாலத்தில் வளர்ச்சி பெற்றது; யுத்தம் முடிந்ததும் அதன் திரையில் விமானங்களை மறைத்துத் தொல்லை கொடுத்த மழையே ஆராய்ச்சிப் பொருளாகிவிட்டது. கனடாவில் மக்கில் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மார்ஷலும் பாமரும், சாயம் தடவிய வடிதாளில் துளிகளைப் பதியவைத்து அளந்து, 1948-ல் ஒரு சிறு கட்டுரையை வெளியிட்டனர். துளியின் விட்டம் கூடுந்தோறும் அதன் எண்ணிக்கை அடுக்குக்குறி விதிப்படி சீராகக் குறைந்துகொண்டே போகிறது என்றும், அந்த விதியின் தொடக்க எண் எந்த மழைக்கும் ஒரு கன மீட்டருக்கு, ஒரு மில்லிமீட்டர் விட்ட இடைவெளிக்கு 8,000 என்று கொள்ளலாம் என்றும் அவர்கள் கூறினர். இந்த விதியின் எளிமை அதற்குப் பெரும் புகழைத் தந்தது. எதிரொலியை மழைவேகமாக மாற்றும் சமன்பாடுகளும் இதைத் தழுவியே எழுந்தன. எதிரொலி என்பது மழைவேகத்தின் 1.6-ஆம் அடுக்கை 200-ஆல் பெருக்கிய தொகை என்ற சமன்பாடு பாடப் புத்தகங்களிலெல்லாம் இடம்பெற்றது. ஆனால் பற்பல தேசங்களில் துளிகளை அளந்தவர்கள் ஒவ்வொருவரும் வெவ்வேறு எண்களோடு வந்தார்கள். 1973-ல் பாட்டன் எழுதிய ராடார் நூலில் இவ்வகைச் சமன்பாடுகள் 69 பட்டியலிடப்பட்டிருப்பதைக் காணும்போது, ஒரே விதியால் உலகத்து மழையெல்லாவற்றையும் அடக்கிவிட முடியாது என்பது விளங்கிவிடுகிறது.

இந்த வேற்றுமைக்குக் காரணம் அளந்தவர்களின் பிழை மட்டுமல்ல, மழையின் பிறப்பே இருவகைப்பட்டது என்ற கருத்து இங்கேதான் உள்ளே வருகிறது. விநாடிக்குப் பல மீட்டர் வேகத்தில் காற்று மேலெழும் மேகத்தில், சிறு துளிகள் ஒன்றோடொன்று மோதி ஒன்றுசேர்ந்தும், வழியிலுள்ள மேகநீரைத் திரட்டிக்கொண்டும் விரைவில் வளர்கின்றன. இது வெப்பச்சலன மழை. காற்றின் மேலெழுச்சி மிகச் சாந்தமாக, பனித்துகள் விழும் வேகத்தைவிடக் குறைவாக இருக்கும் பரந்த படலத்திலோ, பனிப்படிகங்கள் நீராவியை உறிஞ்சி மெல்ல வளர்ந்து, ஒன்றோடொன்று ஒட்டித் திரளாகி, உறைநிலை உயரத்தைத் தாண்டி இறங்கும்போது உருகித் துளியாகின்றன. இதைப் படலமழை என்போம். முதல்வகை குறுகிய இடத்தில் ஆவேசமாகப் பெய்து ஓய்வது. இரண்டாவது விரிந்த இடத்தில் மந்தமாக நெடுநேரம் பெய்வது. வெப்பமண்டலத்து இடிமேகக் கூட்டம் ஒன்று நம்மைக் கடந்து போகும்போது இவ்விரண்டையும் வரிசையாகவே பார்க்கலாம்: முதலில் காற்றோடு கூடிய பெருமழை, பிறகு ஓய்ந்துவிட்டதோ என்று தோன்றும் சிறு இடைவேளை, அதன்பின் இடி அடங்கிய வானத்திலிருந்து மணிக்கணக்காகப் பெய்யும் மெல்லிய மழை.

படலமழைக்கு ராடார் திரையில் ஓர் அடையாளம் உண்டு. வெப்பமண்டலத்தில் சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில், உறைநிலைக்குச் சற்றுக் கீழே, எதிரொலி திடீரென்று வலுத்து ஒரு பிரகாசமான பட்டையாகத் தெரியும். பனித்திரளின் மேற்புறம் உருகி நீர்ப்பூச்சு ஏறியதும் அது பெரியதொரு துளிபோல் அலையைத் திருப்பி அனுப்புகிறது. முழுதும் உருகியபின் உருவம் சுருங்கி, விழும் வேகமும் விநாடிக்கு ஒன்றிரண்டு மீட்டரிலிருந்து ஆறேழு மீட்டராக உயர்ந்து, துளிகள் ஒன்றுக்கொன்று விலகிப் போவதால், எதிரொலி மறுபடியும் தணிகிறது. வெப்பச்சலன மழையில், மேலும் கீழும் புரளும் காற்று இந்த ஒழுங்கைக் கலைத்துவிடுவதால் அப்பட்டை தோன்றுவதில்லை.

தரையில் அளக்கும் கருவியும் இதற்குள் மாவுத்தட்டைக் கடந்து முன்னேறியிருந்தது. ஸ்விட்சர்லாந்தில் யோஸ், வால்ட்ஃபோகல் இருவரும் 1967-ல் அறிமுகப்படுத்திய துளிமானி, 50 சதுர சென்டிமீட்டர் பரப்புள்ள ஒரு கூம்பின்மேல் துளி விழும் அதிர்ச்சியை மின்துடிப்பாக மாற்றி, அந்தத் துடிப்பின் வலிமையிலிருந்து துளியின் பருமனைக் கணித்து, 20 வகுப்புகளாகப் பிரித்து எண்ணுவது. துடிப்பைப் பருமனாக மாற்றுவதற்கு, 1949-ல் கன், கின்ஸர் இருவரும் சோதனைச்சாலையில் அளந்த வீழ்வேகங்கள் துணையாகின்றன: 1 மில்லிமீட்டர்த் துளி விநாடிக்குச் சுமார் 4 மீட்டர், 2 மில்லிமீட்டர்த் துளி ஆறரை மீட்டர், 5 மில்லிமீட்டர்த் துளி 9 மீட்டர். பெருமழையில் ஒரு பெருந்துளி விழுந்த அதிர்வு அடங்குவதற்குள் விழும் சிறுதுளிகளைக் கருவி தவறவிட்டுவிடும் என்பது அதன் குறை. பின்னால் வந்த லேசர் துளிமானி, ஒளித்தகடு ஒன்றைத் துளி கடக்கும்போது விழும் நிழலைக் கொண்டு பருமனையும் வேகத்தையும் ஒருங்கே அளக்கிறது. இரு திசைகளிலிருந்து படமெடுக்கும் ஒளிப்படத் துளிமானியோ ஒவ்வொரு துளியின் வடிவத்தையும் காட்டிவிடுகிறது.

கூம்பு வைத்த அந்தத் துளிமானியைக் கொண்டே 1974-ல் வால்ட்ஃபோகல் ஓர் ஆச்சரியமான விஷயத்தைக் கண்டார். மழைவேகம் ஏறக்குறைய மாறாதிருக்கும்போதே, துளிகளின் எண்ணிக்கைக் கணக்கு திடீரென்று ஒரு நிலையிலிருந்து மற்றொரு நிலைக்குத் தாவுகிறது. அந்தத் தாவலும், மேலே பிரகாசப் பட்டை தோன்றுவதும் மறைவதும் ஒன்றுக்கொன்று தொடர்புடையவையாக இருக்கின்றன. மார்ஷலும் பாமரும் மாறாதது என்று கொண்ட எண்ணே மாறியது. அதுவும் மழையின் வகையை ஒட்டி மாறியது. துளியைக் கண்டு மேகத்தின் இயல்பைச் சொல்ல இயலும் என்ற நம்பிக்கை இக்கண்டுபிடிப்பிலிருந்து உறுதிப்பட்டது.

அந்த நம்பிக்கையை ஒரு விதியாக வடித்தவர்கள் டோகே, ஷார்ட் என்ற இருவர். பசிபிக் சமுத்திரத்தில் கபிங்காமரங்கி என்ற பவளத்தீவில் வைத்த துளிமானியின் பதிவுகளை ஆராய்ந்து, 1996-ல் அவர்கள் எழுதிய கட்டுரை இத்துறையில் ஒரு திருப்பம். ஒரே மழைவேகத்தில் வெப்பச்சலன மழையில் சிறிய, நடுத்தரத் துளிகள் மிகுந்தும், படலமழையில் துளிகள் எண்ணிக்கையில் குறைந்து பருமனில் பெருத்தும் இருப்பதை அவர்கள் கண்டனர். பெய்த நேரத்தில் பெரும்பங்கு படலமழையுடையது, பெய்த நீரில் பெரும்பங்கு வெப்பச்சலன மழையுடையது என்பதும் வெளிப்பட்டது. இதன் பயனைக் கணக்கிட்டுப் பார்த்தால்தான் அருமை தெரியும். ராடார் டெசிபல் கணக்கில் 40 என்று காட்டும் ஓர் எதிரொலியை எடுத்துக்கொள்வோம். அவர்கள் தந்த சமன்பாடுகளின்படி, அது படலமழையானால் மணிக்குச் சுமார் 13 மில்லிமீட்டர். வெப்பச்சலன மழையானால் சுமார் 20 மில்லிமீட்டர். வகை தெரியாதவன் ஒரே எதிரொலியை வைத்துக்கொண்டு ஒன்றரை மடங்கு பிழை செய்ய இடமிருக்கிறது.

ஏறத்தாழ அதே காலத்தில் ராடார் பக்கத்திலிருந்தும் முயற்சி நடந்தது. ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரத்து ராடாரைக் கொண்டு ஸ்டைனர், ஹௌஸ், யூட்டர் மூவரும் 1995-ல் வகுத்த முறை, துளியைப் பற்றிக் கவலைப்படாமல் எதிரொலியின் பரப்பு அமைப்பை மட்டும் நோக்குவது: 40 டெசிபலுக்கு மேற்பட்ட புள்ளியும், தன்னைச் சுற்றி 11 கிலோமீட்டர் வட்டத்தின் சராசரியைவிடப் போதிய அளவு ஓங்கி நிற்கும் புள்ளியும் வெப்பச்சலனம், எஞ்சியது படலம். அதே ஆண்டில் வில்லியம்ஸும் துணைவர்களும், செங்குத்தாக மேல்நோக்கும் காற்றுமானி ராடாரைக் கொண்டு ஆழமற்ற சலனம், ஆழ்ந்த சலனம், படலம், இரண்டும் கலந்தது என்று நான்கு வகுத்தனர். நான்காவதாக ஒரு கலப்பு வகையை ஒப்புக்கொண்டது அவர்களுடைய நேர்மையைக் காட்டுகிறது. இரண்டே பெட்டிகளில் எல்லாவற்றையும் திணிப்பதைவிட இது மழைக்குச் செய்யும் பெரிய நியாயம் என்றே எண்ணுகிறேன்.

இவ்வளவு முறைகள் இருந்தும் விவாதம் தீர்ந்துவிடவில்லை. 1997-ல் யூட்டரும் ஹௌஸும், பசிபிக் வெப்பநீர்ப் பரப்பின்மேல் விமானத்தில் பறந்து சேகரித்த துளிக்கணக்குகளை ஆராய்ந்து, இருவகை மழையின் துளிகளும் ஒன்றோடொன்று பெரிதும் கலந்தே கிடக்கின்றன என்றும், வகைக்கு ஒரு சமன்பாடு வைப்பதற்கு அது போதிய ஆதாரம் அளிக்கவில்லை என்றும் வாதிட்டனர். தரையில் ஒரே இடத்தில் நின்று அளந்தவர்களுக்கும், ஆகாயத்தில் விரைந்து அளந்தவர்களுக்கும் இவ்வாறு முரண்பாடு தோன்றியதில் வியப்பில்லை. ஒரு துளிமானி ஒரு நிமிஷத்தில் பரிசோதிக்கும் காற்றின் கன அளவு இரண்டு கன மீட்டருக்கும் குறைவு. 100 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு பாகை அகலமுள்ள ராடார்க் கற்றையின் ஒரு துண்டு, 250 மீட்டர் நீளமே உடையதாயினும், சுமார் அறுபது கோடி கன மீட்டரை அடக்குகிறது. அந்தத் தூரத்தில் கற்றையும் தரையிலிருந்து ஒன்றரை கிலோமீட்டர் உயர்ந்துவிடுகிறது. அவ்வுயரத்திலிருந்து இறங்குவதற்குள் சிறுதுளி வற்றிப்போகலாம், பெருந்துளி உடைந்துபோகலாம், காற்று அவற்றை வெவ்வேறு ஊர்களுக்குக் கொண்டுபோகலாம். நீண்டகாலக் கூட்டுத்தொகைக்கு வகைப்பாடு நல்ல துணை. ஒவ்வொரு நிமிஷத்துக்கும் அதைத் தீர்ப்பாகக் கொள்வது சரியன்று என்பதே இரு தரப்பையும் படித்தபின் எனக்குத் தோன்றும் முடிவு.

விவாதத்தைக் கணிசமாகத் தணித்தது இருமுகத் துருவமுனைப்பு ராடார். சிறுதுளி உருண்டையாகவே இருக்கிறது; ஆனால் 1 மில்லிமீட்டரைத் தாண்டி வளர வளர, கீழிருந்து எதிர்க்கும் காற்று அதை அமுக்கி, அடி தட்டையாகவும் மேல் குவிந்தும் இருக்கும் பேக்கரிப் பன் போன்ற வடிவத்தை அளிக்கிறது. படங்களில் வரையப்படும் கூர்நுனித் துளி ஆகாயத்தில் இல்லை. 1976-ல் செலிகாவும் பிரிங்கியும் இந்தத் தட்டைத்தன்மையையே கருவியாக்கினர்: கிடைமட்டமாக அதிரும் அலை, செங்குத்தாக அதிரும் அலை இரண்டையும் அனுப்பி எதிரொலிகளை ஒப்பிட்டால், வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்குத் துளி பெரியது. இதனால் துளியைத் தரையில் பிடிக்காமலே அதன் பருமனை வானத்தில் அறிய வழி பிறந்தது. இதன் பயனை 1997 ஜூலை 28 அன்று அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் ஃபோர்ட் காலின்ஸ் நகரத்தைத் தாக்கிய வெள்ளம் துயரத்தோடு நிரூபித்தது. சில மணி நேரத்தில் 10 அங்குலத்துக்கு மேல் மழை கொட்டி ஐந்து பேர் உயிரிழந்தனர். கண்டத்தின் நடுவே, ஆலங்கட்டிக்குப் பெயர்போன அந்தப் பிரதேசத்தில், அன்று பெய்தது வெப்பமண்டலக் கடலில் பெய்வதுபோன்ற சிறுதுளி மழை; வழக்கமான சமன்பாடு அதை மிகவும் குறைத்து மதிப்பிட்டது. அருகிலிருந்த ஆராய்ச்சி ராடாரின் இருமுக அளவுகள் உண்மைக்கு மேலும் நெருங்கியிருந்தன.

பிரிங்கியும் துணைவர்களும் 2003-ல் பல பிரதேசங்களின் துளிக்கணக்குகளை ஒன்றுசேர்த்து எழுதிய கட்டுரை, வெப்பச்சலன மழையையே மேலும் இரண்டாகப் பிரித்தது. கடல்சார்ந்ததில் சராசரித் துளிவிட்டம் 1.5 முதல் 1.75 மில்லிமீட்டர், எண்ணிக்கை மிகுதி. கண்டம்சார்ந்ததில் 2 முதல் 2.75 மில்லிமீட்டர், எண்ணிக்கை குறைவு. படலமழையைப் பிரித்தறிய அவர்கள் கையாண்ட சோதனையும் எளியது: தொடர்ந்து எடுத்த ஐந்து அளவுகளில் மழைவேகத்தின் ஏற்ற இறக்கம் மணிக்கு 1.5 மில்லிமீட்டரை மிஞ்சாவிட்டால் அது படலம். 2018-ல் டோலனும் கூட்டாளிகளும் உலகின் பன்னிரண்டு துளித்தொகுப்புகளைப் புள்ளியியலால் அலசி ஆறு கூட்டங்களைக் கண்டனர். அவற்றினிடையே கூர்மையான எல்லைகள் இல்லாமல் ஒன்று மற்றொன்றில் கரைந்து செல்வதையும் அவ்வாராய்ச்சி காட்டுகிறது.

இவையெல்லாம் பசிபிக் தீவிலும் டார்வினிலும் கொலராடோவிலும் பிறந்த எண்கள். பருவமழை தேசத்தில் இவை அப்படியே செல்லுமா என்பது நமக்கு மிக முக்கியமான கேள்வி. திருப்பதிக்கு அருகில் கடங்கியில் உள்ள தேசிய வளிமண்டல ஆராய்ச்சி நிலையத்தில் துளிமானியையும் மேல்நோக்கு ராடார்களையும் சேர்த்து வைத்துப் பல ஆண்டுகளாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் இதற்கு விடை கூறுகின்றன. ஒரே இடம், ஒரே மழைவேகம். ஆயினும் தென்மேற்குப் பருவத்தில் துளிகள் பெருத்தும், வடகிழக்குப் பருவத்தில் சிறுத்தும் காணப்படுகின்றன. தென்மேற்குப் பருவத்தில் அப்பகுதி மழைமறைவில் இருப்பதால், சூடேறிய நிலத்தின்மேல் மாலையில் எழும் ஆழ்ந்த மேகங்களே மழை தருகின்றன. கீழே வறண்ட காற்றில் சிறுதுளிகள் ஆவியாகிப் பெருந்துளிகள் எஞ்சுகின்றன. வடகிழக்குப் பருவத்தில் வங்காள விரிகுடாவின் ஈரம் கடலின் குணத்தோடேயே வந்து பெய்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் சென்னைக் கடற்கரையில் பெய்யும் மழையை, கோடை இடிமழைக்கு ஏற்ற சமன்பாட்டினால் கணக்கிட்டால், பெய்வதைக் குறைத்துச் சொல்லும் அபாயம் உண்டு என்பது இதிலிருந்து பெறப்படும். வெள்ளம் வரும் காலமும் அதுவே என்பதால் இதை வெறும் நுணுக்கம் என்று தள்ளிவிட முடியாது. சென்னை, காரைக்கால், ஸ்ரீஹரிகோட்டா ராடார்களின் வீச்சுக்குள் இன்னும் பல துளிமானிகள் வேண்டும் என்று நான் விரும்புவதற்கு இதுவே காரணம்.

மேற்குத் தொடர்ச்சி மலையின் நிலை இதனினும் வேறு. மகாபலேஸ்வரத்தில் உள்ள மேக இயற்பியல் ஆய்வகத்தின் அளவுகளில், பருவமழையின் பெரும்பகுதி உறைநிலை உயரத்தை எட்டாத தாழ்ந்த மேகங்களிலிருந்து ஏராளமான சிறுதுளிகளாகப் பெய்வது புலனாகிறது. பனியே இல்லாததால் பிரகாசப் பட்டை இல்லை. காற்றின் எழுச்சியும் இடிமேகத்தைப்போல் ஆவேசமானதன்று. சலனமென்றும் படலமென்றும் வகுத்த இரண்டு பெட்டிகளில் எதிலும் அது ஒழுங்காக அடங்குவதில்லை. பள்ளிப் பாடத்தின் மலைத்தடுப்பு மழை என்ற பழைய வகை இங்கே துளியின் சாட்சியோடு மறுபடியும் உயிர் பெறுகிறது. 1997 நவம்பரில் ஏவப்பட்டு 2015 வரை உழைத்த வெப்பமண்டல மழை அளவைச் செயற்கைக்கோளும், 2014 பிப்ரவரியில் அதன் வாரிசாக ஏவப்பட்டு இரண்டு அலைவரிசைகளால் துளிப்பருமனையும் ஊகிக்கும் செயற்கைக்கோளும், படலம், சலனம், பிற என்று மூன்றாகவே உலக மழையைப் பிரிக்கின்றன. மலைமேல் தரையின் எதிரொலி குறுக்கிடுவதால், தரையை ஒட்டிய ஒன்றிரண்டு கிலோமீட்டர் அவற்றின் பார்வைக்கு எட்டுவதில்லை. தாழ்ந்த மேகத்தின் சிறுதுளிகள் அந்த உயரத்துக்குள்ளேயே பிறந்து விழுந்துவிடுவதால், அவற்றைப் பற்றிய நிச்சயமான கணக்கு இன்றுவரை மலைமேல் நிறுத்திய துளிமானிகளிடமிருந்தே கிடைத்துவருகிறது.